நான்கு சக்கரங்களுக்குள் இத்தனை ஆச்சரியமா? பழைய அமெரிக்க கார் வீல்கள்... தெரியுமா உங்களுக்கு?

ஒரு பழைய மஸ்டாங். இன்ஜின் அதே. பெயின்ட் அதே. சீட், ஸ்டீயரிங் எல்லாம் அதே. நான்கு வீல்களை மட்டும் கழற்றி வேறு நான்கைப் பூட்டுகிறார்கள். அவ்வளவுதான், தெருவில் போகிறவர் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள்! அமெரிக்காவில் 1960-களின் கார்களை வைத்திருப்பவர்கள் முதலில் கை வைப்பது இந்த வீல்களில்தான். கடைக்குப் போய் அழகான ஒன்றைக் காட்டி, ‘இதைக் கொடுங்கள்’ என்று வாங்கிவிடலாம் என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் வேடிக்கையே ஆரம்பம்! அந்த வட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் கணக்கையும் கதையையும் பாருங்கள்!

அளவில் ஆச்சரியம்!

வளரவில்லை, சுருங்கியது!
வருடம் ஏற ஏற கார் வீல் பெரிதாகிக்கொண்டே வந்தது என்றுதானே நினைக்கிறோம்? இல்லவே இல்லை! 1956 செவர்லே காருக்கு 15 அங்குல வீல். அடுத்த வருடம், 1957-இல்? 14 அங்குலம்! காரின் உயரத்தைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்று வீலையே சின்னதாக்கிவிட்டார்கள். 1965-இல் ஆறு சிலிண்டர் இன்ஜினோடு வந்த சாதாரண ஃபோர்டு மஸ்டாங்குக்கு இன்னும் சின்னது: வெறும் 13 அங்குலம்!

14-ம் 17-ம் ஒரே உயரமா?
14 அங்குல வீலைக் கழற்றிவிட்டு 17 அங்குல வீல் போட்டால் கார் உயர்ந்துவிடுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்! டயரின் முதல் எண் மி.மீ. கணக்கில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச் சுவர் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் வீலின் அங்குலம். 215/70ஆர்14 டயரின் மொத்த உயரம் 656.6 மி.மீ. 225/50ஆர்17 டயரின் மொத்த உயரம்? 656.8 மி.மீ.! வித்தியாசம் வெறும் 0.2 மி.மீ.! வீல் மூன்று அங்குலம் வளர்ந்தது. அதே அளவுக்கு டயரின் பக்கச் சுவர் குறைந்தது. காரின் உயரம் அப்படியே நிற்கிறது!

டயர் இல்லாமலேயே டயர் உயரம்!
1971 முதல் 1976 வரை வந்த செவர்லே இம்பாலா, கப்ரீஸ் கார்களுக்கு ராட்சத வீல் மாட்டி ஓட்டும் மோகம் மயாமி பக்கம் பிரபலம். ‘டாங்க்’ என்றே அந்தக் கார்களுக்குப் பெயர்! 24 அங்குலம், 26 அங்குலம் எல்லாம் அங்கே சர்வசாதாரணம். 26 அங்குலம் என்றால் 660.4 மி.மீ. மேலே சொன்ன 14 அங்குல வீலையும் அதன் டயரையும் சேர்த்தாலே 656.6 மி.மீ.தானே? அப்படியானால் டயர் மாட்டாத வெறும் ரிம்மே அதைவிட உயரம்!

8 அங்குலம் என்றால் 8 இல்லை!
‘8 அங்குல அகல வீல்’ என்று வாங்குகிறீர்கள். டேப் வைத்து விளிம்புக்கு விளிம்பு அளந்தால் 9 அங்குலம் வருகிறது! ஏமாற்றிவிட்டார்களா? இல்லை! டயர் உட்காரும் இரண்டு இடங்களுக்கு நடுவே அளப்பதுதான் வீல் அகலம். இரண்டு பக்க விளிம்புகளும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு அங்குலம் கூடுதலாகக் கேட்கும். இது தெரியாமல் மட்கார்டுக்குள் இடம் பார்த்தால் டயர் உரசுவது நிச்சயம்!

ஒரு நேரான கட்டை போதும்!
வீல் எவ்வளவு உள்ளே போகும், எவ்வளவு வெளியே நீட்டும் என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டுமா? வேண்டவே வேண்டாம்! வீலின் முகத்தைத் தரையில் கவிழ்த்து வையுங்கள். பின்பக்க விளிம்பின் குறுக்கே ஒரு நேரான கட்டையை வையுங்கள். கட்டையிலிருந்து, ஆக்சிலில் போய் உட்காரும் தட்டுவரை அளங்கள். அதுதான் பேக்ஸ்பேஸிங்! அகலம் 8 அங்குலம், அந்தத் தட்டு வீலின் சரியான நடுவில் (ஆஃப்செட் பூஜ்யம்) என்றால் பேக்ஸ்பேஸிங் 4.5 அங்குலம். இந்த ஒரு எண் தவறினால், எத்தனை ஆயிரம் டாலர் வீலாக இருந்தாலும் அந்தக் காருக்கு ஆகாது!

வலது வேறு, இடது வேறு!
ஒரே காரின் இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் என்று சத்தியம் செய்வீர்களா? செய்யாதீர்கள்! பழைய அமெரிக்க கார்களில் பின் ஆக்சில் பாடிக்குச் சரியாக நடுவில் இருக்கும் என்று சொல்லவே முடியாது. டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் கால் அங்குலம் மாறினால்கூட அனுபவசாலிகள் ஆச்சரியப்படுவதில்லை. அதனால்தான் இரண்டு பக்கமும் அளந்து, இடம் குறைவான பக்கத்தை வைத்தே வீல் வாங்குகிறார்கள்!

நட்டும் போல்ட்டும் காட்டும் வித்தை!

கால் அங்குலம்... கதை முடிந்தது!
ஃபோர்டு மஸ்டாங்குக்கும் செவர்லே கமாரோவுக்கும் ஜென்மப் பகை என்பார்கள். வீல்கூட ஒத்துப்போகாது, தெரியுமா? இரண்டுக்கும் ஐந்து நட்தான். ஆனால் அந்த ஐந்து போல்ட்டுகளும் நிற்கும் வட்டத்தின் விட்டம் வி8 மஸ்டாங்கில் 4.5 அங்குலம், கமாரோவில் 4.75 அங்குலம்! கால் அங்குலம்தான் வித்தியாசம். பக்கத்துப் பக்கத்து போல்ட்டுகளின் நடுப்புள்ளிகளை அளந்தால் 67.2 மி.மீ., 70.9 மி.மீ. வெறும் 3.7 மி.மீ.! கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வீல் ஏறாது!

ஒரே கார், ஒரே வருடம், எத்தனை நட்?
1965 மஸ்டாங்குக்கு எத்தனை நட் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ‘எந்த இன்ஜின்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும்! வி8 இன்ஜின் என்றால் ஐந்து நட். ஆறு சிலிண்டர் என்றால் நான்கே நட்! வெளியே பார்த்தால் ஒரே மாதிரி கார். ஆசையாக வாங்கிய ஐந்து ஓட்டை வீல், வீட்டுக்கு வந்ததும் நான்கு போல்ட்டைப் பார்த்து முழிக்கும்!

0.65 மி.மீ. ஆபத்து!
பி.எம்.டபிள்யூ கார்கள் பலவற்றின் போல்ட் வட்டம் 120 மி.மீ. கமாரோவின் 4.75 அங்குலம் என்பது 120.65 மி.மீ. அட, பூட்டிவிடலாம் போலிருக்கிறதே என்று தோன்றுகிறதா? வேண்டாம்! நட் ஏறும்; இறுக்கவும் முடியும். ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் கோணலாக இழுபட்டு நிற்கும். அரை மில்லிமீட்டர் சமாசாரம், உயிர் சமாசாரம்!

இடது பக்கம் எல்லாம் தலைகீழ்!
நட்டைக் கழற்ற எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்? கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம். இதில் என்ன சந்தேகம் என்கிறீர்களா? 1970 வரை வந்த டாட்ஜ், பிளைமவுத் போன்ற கிரைஸ்லர் கார்களின் இடது பக்க வீல்களில் எல்லாம் தலைகீழ்! வண்டி ஓடும்போது நட் தானாகத் தளர்ந்துவிடக் கூடாது என்று இடது பக்கத்துக்கு மட்டும் எதிர்மரை போட்டார்கள். இது தெரியாத மெக்கானிக் ‘இறுகிப் போச்சு’ என்று முழு பலத்தோடு திருப்புவார். படார்! போல்ட்டே முறிந்துவிடும்!

டார்ட் காரின் தனி வழி!
டாட்ஜ் டார்ட், பிளைமவுத் வேலியன்ட். கிரைஸ்லரின் இந்தச் சின்னக் கார்களுக்கு 1972 வரை போல்ட் வட்டம் வெறும் 4 அங்குலம்! அந்த அளவில் புது வீல் தேடினால் கடைக்காரர் கையை விரிப்பார். 1973-இல் டிஸ்க் பிரேக்கோடு வந்தவற்றுக்கு 4.5 அங்குலம். அதனால் பலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வீலுக்காக பிரேக், ஆக்சில் எல்லாவற்றையுமே மாற்றிவிடுகிறார்கள்!

எட்டு நட் அதிசயம்!
1960 முதல் 1968 வரை பெரிய போன்டியாக் கார்களுக்கு ஒரு விசேஷ வீல் கிடைத்தது. எத்தனை நட்? எட்டு! அதைவிடப் பெரிய ஆச்சரியம், வீலின் நடுவே பளபளவென்று தெரிவது வீலே இல்லை, பிரேக் டிரம்! அலுமினிய டிரம்மைக் காற்றுப்படும்படி வெளியே காட்டி, அதைச் சுற்றி ரிம்மை மட்டும் எட்டு நட்டால் பூட்டினார்கள். பிரேக் சூடு சீக்கிரம் தணிந்தது, பார்க்கவும் அள்ளியது! கெல்சி-ஹேய்ஸ் நிறுவனத்தின் கைவண்ணம் இது!

எந்தக் காருக்கும் ஒரே வீல்!
விதவிதமான போல்ட் வட்டங்களால் வீல் கடைக்காரர்களுக்குத் தலைவலி. அதற்கும் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள்! வட்டமான ஓட்டைக்குப் பதில் நீளமான ஓட்டை. கூடவே துளை ஓரமாக இருக்கும் வாஷர். வாஷரைத் திருப்பி வைத்தால் ஃபோர்டுக்கும் சேரும், செவர்லேவுக்கும் சேரும்! ‘யூனி-லக்’ என்று பெயர். ஆனால் சரியான வாஷர், சரியான நட் இல்லாமல் பூட்டினால் வீல் நடுவில் நிற்காது!

வீல் செய்தவர்கள் யார் தெரியுமா?

பந்தயக்காரரின் பட்டறை!
அமெரிக்கன் ரேசிங். 1956-இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தொடங்கிய நிறுவனம். தொடங்கியவர்களில் ஒருவர் ரோமியோ பாலமிடெஸ். டிராக் பந்தயத்தில் பெயர் போனவர்! பந்தயக் காரின் எடையைக் குறைக்க மெக்னீசியத்தில் வீல் செய்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் அவர்கள் கொண்டுவந்த ‘டார்க் த்ரஸ்ட்’ வீலுக்கு ஐந்தே ஆரக்கால்கள்! நடுவே பெரிய பெரிய இடைவெளி. அது அழகுக்கு மட்டுமா? பிரேக் சூடு வெளியேறவும்தான்! அறுபது வருடம் ஓடிவிட்டது. அந்த வடிவம் இன்றும் விற்கிறது!

37 லட்சம் டாலர் கார்!
1968-இல் வந்த ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை மஸ்டாங்கின் கால்களில் இருந்தது எந்த வீல்? அதே டார்க் த்ரஸ்ட்! சான் பிரான்சிஸ்கோ மேடுகளில் ஏறக்குறைய 11 நிமிடம் ஓடும் அந்தத் துரத்தல் காட்சி இந்த வீலுக்குக் கிடைத்த இலவச விளம்பரம்! 1974-இல் 6,000 டாலருக்குக் கைமாறிய அந்தக் கார் 2020 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தது. கட்டணங்கள் சேர்த்துப் போன விலை? 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர்!

நான்கு வீல், ஆனால் எத்தனை மூடி?
அதே துரத்தலில் வில்லன்களின் கறுப்பு டாட்ஜ் சார்ஜரைக் கவனித்திருக்கிறீர்களா? வளைவுக்கு வளைவு வீல் கப் கழன்று பறக்கும்! எண்ணிப் பார்த்த ரசிகர்கள் வாயைப் பிளந்தார்கள். நான்கு வீல் உள்ள காரிலிருந்து நான்குக்கும் மேற்பட்ட வீல் கப்புகள்! ஒரே காட்சியைப் பல கோணங்களில் காட்டியதன் விளைவு. எடிட்டிங்குக்கு என்ன கிடைத்தது தெரியுமா? ஆஸ்கர்!

ஹெல்மெட்காரரே வீல்காரர்!
கிராகர் எஸ்/எஸ். 1964-இல் வந்து அமெரிக்கத் தெருக்களைக் கலக்கிய குரோம் வீல். ஆனால் 1930-இல் கிராகர் தொடங்கியது எதற்கு? பழைய ஃபோர்டு இன்ஜின்களுக்கு சிலிண்டர் ஹெட் செய்ய! பிறகு அது ராய் ரிக்டர் கைக்கு வந்தது. யார் இவர்? உலகப் புகழ் பெற்ற பெல் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தவரும் இவரேதான்! தலைக்கும் கவசம், காருக்கும் கால்!

இரண்டு உலோகம், ஒரு வீல்!
அந்த எஸ்/எஸ் வீலின் ரகசியம் என்ன? வெளி வட்டம் ஸ்டீல். நடுப்பகுதி வார்ப்பு அலுமினியம். இரண்டையும் சேர்த்து மேலே குரோம்! முழுக்க மெக்னீசியத்தில் செய்த பந்தய வீல் காற்றையும் பிடித்து வைக்காது, சீக்கிரம் அரித்தும் போகும். தினமும் ஓட்டும் காருக்கு அது சரிவருமா? அந்தக் கவலையைத் தீர்த்த கூட்டணி இது!

விமானத்திலிருந்து வந்த ஐடியா!
டெட் ஹாலிபிராண்ட் வேலை பார்த்தது எங்கே? டக்ளஸ் விமான நிறுவனத்தில்! இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மெக்னீசியத்தைக் கொண்டுபோய்ப் பந்தயக் கார் வீலாக வார்த்தார். இண்டியானாபோலிஸ் களத்தில் அவர் வீல்களுக்குத் தனி மரியாதை. 1966 லீ மான் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் ஃபோர்டு ஜி.டி.40 கார்கள் அள்ளின, நினைவிருக்கிறதா? அவற்றின் கால்களிலும் ஹாலிபிராண்ட்தான்!

டிஸ்னிலேண்ட் மெஷினிஸ்ட்!
பகலில் டிஸ்னிலேண்டில் மெஷினிஸ்ட் வேலை; மிச்ச நேரமெல்லாம் ஹாட் ராட் கார். யார் அவர்? பாய்ட் காடிங்டன்! வார்ப்பில் ஊற்றாமல், கெட்டி அலுமினியத்தைக் கடைந்து வீல் செய்யும் பாணியை ஊரெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானவர். 1988-இல் வீலுக்கென்றே தனி நிறுவனம் தொடங்கினார். ஒவ்வொரு காருக்கும் தனி டிசைன் கேட்டு வாங்கும் காலம் பிறந்தது!

ஸ்டேடியத்துக்கு அடியில் கண்காட்சி!
கார் உதிரிபாகத் துறையின் பிரம்மாண்டமான சேமா கண்காட்சி இன்று லாஸ் வேகாஸில் நடக்கிறது. முதல் கண்காட்சி எங்கே நடந்தது தெரியுமா? 1967-இல், லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர் ஸ்டேடியத்தின் பார்வையாளர் மேடைக்கு அடியில்! மொத்தம் 98 கடைகள்தான்! வீல் செய்கிறவர்களும் வாங்குகிறவர்களும் சந்திக்கும் திருவிழா அங்கிருந்துதான் வளர்ந்தது!

பொம்மையிலும் அதே வீல்!
1968-இல் 16 குட்டிக் கார்களோடு வந்தது ‘ஹாட் வீல்ஸ்’. அதன் டயரில் ஏன் சிவப்புக் கோடு? 1964 போன்டியாக் ஜி.டி.ஓ போன்ற நிஜக் கார்களின் டயரில் சிவப்புக் கோடு இருந்ததே, அதனால்தான்! நடுவே பந்தயக் கார் பாணி வீல். கலிபோர்னியா தெருவில் ஓடிய மோகம் குழந்தைகளின் உள்ளங்கைக்கே வந்துவிட்டது!

உலோகமும் விநோதமும்!

10 கிலோ... 6.4 கிலோ... 29 கிலோ!
10 கிலோ எடையுள்ள ஒரு அலுமினிய வீல். அதே வடிவத்தை அப்படியே மெக்னீசியத்தில் வார்த்தால் எடை என்ன? 6.4 கிலோ! ஸ்டீலில் வார்த்தால்? 29 கிலோ! அதனால்தான் ஸ்டீல் வீலைக் கெட்டியாக வார்க்காமல் தகட்டை வளைத்துச் செய்கிறார்கள். ஆனால் மெக்னீசியத்துக்கு ஒரு பயங்கரம் உண்டு. எரிய ஆரம்பித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. தண்ணீர் பட்டால் இன்னும் மூர்க்கமாக எரியும்!

குரோம் எவ்வளவு தடிமன்?
கண்ணாடி மாதிரி மின்னும் குரோம் வீல்! அந்தக் குரோம் பூச்சு எவ்வளவு தடிமன் இருக்கும்? ஒரு மில்லிமீட்டர்? அரை மில்லிமீட்டர்? இல்லை! அரை மைக்ரான்கூடத் தாண்டுவது அபூர்வம். ஒரு தலைமுடி அதைவிட நூறு மடங்கு தடிமன்! பளபளப்பின் பெரும் பங்கு அடியில் இருக்கும் நிக்கலுடையது. அதனால்தான் கடுமையான ஆசிட் போட்டுத் துடைத்தால் குரோம் போயே போச்சு!

உலோகம் என்று நினைத்தீர்களா?
1971 போன்டியாக்கில் தேன்கூடு வடிவ வீல் வந்தது. அறுகோணக் குழிகளைப் பார்த்து, இதை எப்படி வார்த்தார்கள் என்று எல்லோரும் வியந்தார்கள். வார்க்கவே இல்லை! சாதாரண ஸ்டீல் வீலின் முகத்தில் யூரித்தேன் பிளாஸ்டிக்கை ஒட்டவைத்த வேலை அது! தட்டிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்!

கசிந்த கார்வெட் கனவு!
1963 கார்வெட்டுக்கு அலுமினிய வீல் உண்டு என்று அறிவித்தார்கள். நடுவில் ஒரே பெரிய நட். சுத்தியலால் தட்டிக் கழற்றலாம்! எல்லோரும் ஆவலோடு காத்திருந்தார்கள். ஆனால் வார்ப்பில் நுண்துளைகள்! காற்று கசிந்தது! அந்த வருடம் தொழிற்சாலையிலிருந்து அந்த வீலோடு கார் வெளியே வந்ததே அரிதிலும் அரிது. 1964-இல்தான் நிலைமை சரியானது!

சிறகு நட்டுக்குத் தடை!
அந்த நடு நட்டுக்கு இரண்டோ மூன்றோ சிறகுகள் நீட்டிக்கொண்டிருக்கும். நடந்து போகிறவர்களைக் கிழித்துவிடும் என்று அமெரிக்க அரசு தடை போட்டது! 1968 ஜனவரி 1 முதல் அமலான விதி அது. அதற்கு முன்பே, 1967 கார்வெட்டில் சிறகு நட் போய் சாதாரண நட் வந்துவிட்டது. அந்த விதியை எப்போது நீக்கினார்கள் தெரியுமா? 1996-இல்! 28 வருடங்கள் கழித்து!

சட்டத்தின் கோடு ரிம்மில்!
கார் எவ்வளவு தாழ்வாக இருக்கலாம்? கலிபோர்னியா 1950-களின் இறுதியில் ஒரு விதி கொண்டுவந்தது: காரின் எந்தப் பாகமும் ரிம்மின் அடி விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது! ரான் அகிரே என்பவர் என்ன செய்தார்? தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்ப் வைத்தார். வேண்டும்போது தாழும், போலீஸைக் கண்டால் எழும்! லோரைடர் கார்கள் குதிப்பதன் ஆரம்பம் இதுதான். அந்த விதி நீங்கியது 2024-இல்!

டயரைவிட ரிம் அகலம்!
அந்த லோரைடர்களுக்குப் பிடித்தது 13 அங்குலக் கம்பி வீல். அகலம் 7 அங்குலம், அதாவது 178 மி.மீ. அதில் போடும் டயரோ 155/80ஆர்13! ரிம் 178, டயர் 155. டயரை இழுத்து உட்கார வைக்கிறார்கள்! மெல்ல ஊர்ந்து போகிற காட்சிக் கார்களின் பழக்கம் இது. நெடுஞ்சாலையில் பறக்கிறவர்கள் இதைப் பார்த்து ஆசைப்படவே கூடாது!

40 கம்பி, 1,690 கார்!
1953 பியூக் ஸ்கைலார்க். மொத்தம் செய்ததே 1,690 கார்கள்! ஒவ்வொன்றிலும் நிஜமான 40 கம்பி வீல். அழகோ அழகு! ஆனால் பழைய கம்பி வீலுக்கு டியூப் கட்டாயம், தெரியுமா? ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு போகிறது. 40 கம்பி என்றால் காற்று கசிய 40 வழி!

திரும்பப் பெற்ற பொக்கிஷம்!
1969 மாடல் கிரைஸ்லர் கார்களுக்கு ஒரு நாகரிக வீல் வந்தது. நட்டுகள் தளர்கின்றன என்று நிறுவனமே எல்லாவற்றையும் திரும்பப் பெற்றது! சில மட்டும் எப்படியோ தப்பின. இன்று? ‘ரீகால் வீல்’ என்ற பெயரோடு சேகரிப்பாளர்கள் போட்டி போட்டுத் தேடும் அரிய பொருள்!

சந்திரன் மாதிரி ஒரு மூடி!
பான்வில் உப்புப் பாலைவனத்தில் வேக சாதனை செய்கிறவர்கள் வீலை முழுக்க மூடும் வழவழ அலுமினியத் தட்டை மாட்டினார்கள். காற்றுத் தடை குறைய வேண்டுமே! டீன் மூன் விற்ற ‘மூன் டிஸ்க்’ இது. வேகத்துக்காகப் பிறந்த எளிய தட்டு, தெருவிலும் மோகமாகிவிட்டது!

பூட்டும் முன்... பூட்டிய பின்!

பிரேக்குக்கு இடம் உண்டா?
டிரம் பிரேக்கை எடுத்துவிட்டுப் பெரிய டிஸ்க் பிரேக் போடுகிறார்கள். நல்ல காரியம்! ஆனால் பழைய 14 அங்குல வீல் காலிப்பரில் இடிக்கும். ஒரே அளவுள்ள இரண்டு வீல்களில் ஒன்று சேரும், மற்றொன்று இடிக்கும். ஆரக்கால் வளைந்திருக்கும் விதம் அப்படி! முதலில் பிரேக்கை முடிவு செய், பிறகு வீல் வாங்கு. இதுதான் அனுபவசாலிகளின் வேதவாக்கு!

ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்!
டயரின் உயரம் 5 சதவீதம் கூடினால் என்ன ஆகும்? முள் 100-ஐக் காட்டும்போது கார் 105-இல் ஓடும்! நீங்கள் நிதானமாகப் போவதாக நினைப்பீர்கள். போலீஸ்காரர் வேறு கணக்கு வைத்திருப்பார்!

30 கிராம், 4 கிலோ!
ரிம்மின் ஓரத்தில் வெறும் 30 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது. இதில் என்ன வந்துவிடும்? மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வீல் நொடிக்கு 13 தடவைக்கு மேல் சுற்றுகிறது. அப்போது அந்த 30 கிராம் ஏறக்குறைய 4 கிலோ விசையோடு வீலை வெளியே இழுக்கும்! ஸ்டீயரிங் உதறுவதன் காரணம் புரிகிறதா? வீல் பேலன்சிங் செய்யாமல் ஓட்டலாமா?

பழைய முகம், புது எலும்பு!
ரேடியல் டயரையே வழக்கமான டயராகக் கொண்டு வந்த முதல் அமெரிக்க கார் எது? 1970 லிங்கன் கான்டினென்டல் மார்க் 3! அதற்கு முந்தைய கார்கள் ஓடியது பழைய பாணி டயரில். அந்தப் பழைய முகமும் வேண்டும், ரேடியலின் சுகமும் வேண்டும் என்றால்? டென்னசி மாநிலத்தில் 1958-இல் பிறந்த கோக்கர் டயர் நிறுவனம் அதையும் செய்து தருகிறது. அகலமான வெள்ளைப் பட்டை... உள்ளே ரேடியல்!

மறுபடியும் ஒரு திருப்பு!
புது வீல் பூட்டி நட்டை இறுக்கியாயிற்று. வேலை முடிந்ததா? இல்லை! முதல் 80 முதல் 160 கிலோமீட்டர் ஓடியதும் ஒவ்வொரு நட்டையும் டார்க் ரென்ச் வைத்து மறுபடி பார்க்க வேண்டும். புது வீலும் நட்டும் ஒன்றோடொன்று படியும்போது பிடி தளரலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் வீல் தனியாக உருண்டு போகாமல் காப்பது இதுதான்!

தழும்பில்லாத மாற்றம்!
இன்ஜினை மாற்றினால் வெட்ட வேண்டும், ஒட்ட வேண்டும். பெயின்டை மாற்றினால் பழையது போயே போச்சு. ஆனால் வீல்? ஒரு ஜாக்கி, ஒரு வீல் ஸ்பேனர், கொஞ்ச நேரம்... கார் பிறந்த நாளில் இருந்தபடியே திரும்ப நிற்கும்! ஒரு கீறல் மிச்சம் இருக்காது! அதனால்தான் விவரமானவர்கள் தொழிற்சாலை முத்திரையோடு வந்த பழைய நான்கையும், டிக்கியில் உள்ள ஸ்டெப்னியையும் பத்திரமாகத் துடைத்து எடுத்து வைக்கிறார்கள். மனம் போல மாற்றுங்கள், ஆனால் முதலில் அளந்துவிடுங்கள்; பழசைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! நாளை காரை வாங்க வருகிறவர் முதலில் கேட்கப்போகும் கேள்வி என்ன தெரியுமா? ‘ஒரிஜினல் வீல் இருக்கிறதா?’